திருப்பிக் கொடுக்க வேண்டிய பிள்ளை

பெங்களூரின் சிவாஜிநகரில் பிறர் பெற்ற பிள்ளையை வளர்ப்பது ஒரு செய்தியே அல்ல. ரஸ்ஸல் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருக்கும் சந்துகளில் அக்கா பிள்ளை சித்தி வீட்டில் சாப்பிட்டு, பாட்டி வீட்டில் தூங்கி, பள்ளிக்கூடப் படிவத்தில் மாமா பெயரைப் பாதுகாவலர் என்று எழுதிக்கொண்டு வளர்ந்துவிடும். கணவன் வளைகுடாவுக்குப் போனவன் திரும்பவில்லை, மனைவி பிரசவத்தோடு படுத்த படுக்கையானாள், இருவரையுமே குடி தின்றுவிட்டது. காரணம் எதுவானாலும் குழந்தை ஒரு வாசலிலிருந்து பக்கத்து வாசலுக்கு நகரும். யாரும் மனுப் போடுவதில்லை, உத்தரவு வாங்குவதில்லை. இது சரியா என்று கேட்பவரும் இல்லை. பெற்றவள் அதே தெருவில்தான் இருக்கிறாள், அல்லது அவள் சாவுக்கு அந்தத் தெருவே போய் வந்திருக்கிறது.

கேள்வி எழுவது குழந்தை தெருவைத் தாண்டும்போது. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்திடம், அரசு உத்தரவின் பேரில், ஆறு மாதமோ ஆறு ஆண்டோ என்று தெரியாத காலத்துக்கு ஒரு குழந்தை ஒப்படைக்கப்படுகிறது. இதை வளர்ப்புப் பராமரிப்பு என்கிறார்கள். பேச்சில் ஃபாஸ்டர் கேர். தத்தெடுப்பதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. தத்து, பிள்ளையை ஒரு குடும்பத்திலிருந்து முழுதாக விடுவித்து இன்னொரு குடும்பத்தில் முழுதாகச் சேர்க்கிறது. வாரிசுரிமை, உறவு, குடும்பப் பெயர் எல்லாம் மாறும். வளர்ப்புப் பராமரிப்பில் சட்டப்படி எதுவும் மாறாது. உயிரோடிருக்கும் ஒரு தாயின் பிள்ளையாகவே, அவள் வைத்த பெயரோடு, குழந்தை வேறொரு வீட்டில் உண்டு உறங்கிப் படிக்கிறது. தன்னுடையதாக ஆகாத பிள்ளையைத் தன் பிள்ளை போல வளர்க்கச் சொல்வது நியாயமா? அதற்கும் முன்னால், பெற்றவள் உயிரோடிருக்கையில் பிள்ளையை எடுப்பதே நியாயமா?

தத்து என்பது நம் வழக்கத்தில் பிள்ளைக்காகத் தோன்றிய ஏற்பாடு அல்ல, பிள்ளை இல்லாதவருக்காகத் தோன்றியது. கொள்ளி வைக்க ஒருவன் வேண்டும், சொத்து பங்காளி கைக்குப் போகக் கூடாது என்பதே அதன் பழைய நோக்கம். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டத்தில்கூட அந்த வாசனை போகவில்லை. மகன் இருப்பவர் இன்னொரு மகனையும், மகள் இருப்பவர் இன்னொரு மகளையும் அதன்படி தத்தெடுக்க முடியாது. வீட்டில் எது குறைகிறதோ அதை நிரப்பிக்கொள்ளலாம் என்பதே கணக்கு. அதுவும் இந்துக்கள், சீக்கியர், சமணர், பௌத்தருக்கு மட்டும். கிறிஸ்தவர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் 1890ஆம் ஆண்டின் பாதுகாவலர் சட்டம்தான் நெடுங்காலம் கதியாக இருந்தது. பிள்ளைக்குப் பதினெட்டு வயதாகும் நாளில் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும்.

மரியன்னை பேராலயமும் மசூதிகளும் மாரியம்மன் கோயிலும் நடந்து போகும் தூரத்தில் இருக்கும் சிவாஜிநகரில் இதன் விபரீதம் துலக்கமாகத் தெரிந்திருக்கும். ஒரே சந்தில் மூன்று வீட்டார் ஒரே மாதிரி ஆசையோடு ஒரே மாதிரி குழந்தையை எடுத்திருந்தால் ஒரு வீட்டில் அது மகன், மற்ற இரண்டு வீடுகளில் வெறும் பாதுகாவலில் இருக்கும் பிள்ளை. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டமும் அதன் 2006 திருத்தமும்தான் மதம் பார்க்காத தத்தெடுப்புக்கு வழி செய்தன. ஷப்னம் ஹாஷ்மி 2005இல் தொடுத்த வழக்கில் தலைமை நீதிபதி ப. சதாசிவம் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு 2014 பிப்ரவரி 19இல் அதை உறுதி செய்தது. எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின் கீழ் தத்தெடுக்கலாம். தன் மத வழக்கப்படி நடக்க விரும்புபவரை யாரும் கட்டாயப்படுத்தவும் முடியாது.

இஸ்லாமிய மரபின் கஃபாலா இங்கே கவனிக்கத் தக்கது. அநாதையை எடுத்து வளர்ப்பது பெரும் புண்ணியம். ஆனால் அந்தப் பிள்ளையின் தகப்பன் பெயரை அழித்துத் தன் பெயரை எழுதக் கூடாது. குறை என்று இதைச் சொன்னவர்கள் உண்டு. வளர்ப்புப் பராமரிப்பின் அறத்தை யோசித்தால் இதில் ஒரு பெரிய நேர்மை தெரிகிறது: வளர்க்கும் உரிமை உண்டு, வரலாற்றை மாற்றும் உரிமை இல்லை. 1989ஆம் ஆண்டின் ஐ.நா. குழந்தை உரிமை உடன்படிக்கை, குடும்பத்தை இழந்த பிள்ளைக்கான மாற்று ஏற்பாடுகளில் ஃபாஸ்டர் கேரையும் தத்தையும் சொல்லும் அதே பிரிவில் கஃபாலாவையும் சொல்கிறது.

இனி சிவாஜிநகரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி நடந்த ஒரு விஷயம். 2020 மே மாதக் கடைசியில், ஊரடங்கின் நடுவே, சாமராஜப்பேட்டை மாநகராட்சி மருத்துவமனையில் பிறந்த ஓர் ஆண் குழந்தை பிறந்த அன்றே திருடு போனது. ஓராண்டு கழித்து ஒரு மனநல மருத்துவர் கைதானார். வாடகைத் தாய் மூலம் பிறந்த உங்கள் குழந்தை என்று சொல்லி, வட கர்நாடகத்தின் கொப்பளைச் சேர்ந்த ஒரு தம்பதியிடம் பணம் வாங்கிக்கொண்டு அந்தக் குழந்தையை அவர் கொடுத்திருந்ததாகப் போலீஸ் சொன்னது. மரபணுச் சோதனை குழந்தை யாருடையது என்று காட்டியது. பெற்றவள் முஸ்லிம், வளர்த்தவள் இந்து. விவகாரம் கர்நாடக உயர் நீதிமன்றத்துக்கு வந்தபோது குழந்தைக்கு வயது ஒன்றேகால். அதற்குத் தெரிந்த அம்மா ஒருத்திதான், அவள் கொப்பளில் இருந்தாள்.

வளர்த்தவள் தரப்பு சொன்ன வாதங்களில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, பெற்றவளுக்கு ஏற்கெனவே இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், தனக்கு யாருமில்லை. இன்னொன்று தேவகி, யசோதை. 2021 செப்டம்பரில் தீர்ப்பளித்த நீதிபதி கிருஷ்ண எஸ். தீட்சித் இரண்டையும் ஏற்கவில்லை. யாரிடம் அதிகம் இருக்கிறது, யாரிடம் குறைவு என்று பார்த்துப் பங்கு போட்டுக் கொடுக்கப் பிள்ளைகள் சரக்கு அல்ல என்பது அவர் சொன்னதன் சாரம். புராணத்தைக் காட்டி உரிமை கேட்பதும் எடுபடவில்லை. அது நல்லதற்கே. கண்ணனை ஆயர்பாடியில் கொண்டுபோய் விட்டது கம்சனுக்கு அஞ்சிய தகப்பன். இங்கே குழந்தையைக் கொண்டுபோனது வேறு ஆள், வேறு காரணம்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்துச் சொல்ல வலுவான ஒரு நியாயம் இருக்கிறது. கொப்பள் தம்பதி திருடவில்லை. ஏமாந்தார்கள். ஓராண்டுக்கும் மேலாகப் பால் கரைத்து, காய்ச்சலுக்கு விழித்திருந்து, முதல் அடியைப் பார்த்தவர்கள் அவர்கள். குழந்தையின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது இரண்டு முறை பறிக்கப்பட்டது. முதல் முறை அதற்கு நினைவு இல்லை, இரண்டாம் முறை நிச்சயம் வலித்திருக்கும். பிள்ளையின் நலனே எல்லாவற்றுக்கும் மேல் என்று எல்லாச் சட்டமும் சொல்லும்போது, தாயின் உரிமையைப் பேசி அந்த வலியைத் தாண்டிப் போய்விட முடியுமா?

முடியாது. ஆனாலும் தீர்ப்பு சரி. கைவசம் இருந்த காலமே உரிமை ஆகிவிடும் என்றால், அதிக நாள் மறைத்து வைத்தவருக்கே அதிக உரிமை என்று ஆகிவிடும். தீர்ப்பைக் காப்பாற்றியது இன்னொன்றும்கூட. வளர்த்தவள் தகராறு செய்யாமல் குழந்தையைக் கொடுத்தாள். பெற்றவள், நீ எப்போது வேண்டுமானாலும் வந்து பிள்ளையைப் பார்க்கலாம் என்றாள். இரண்டு மதத்தைச் சேர்ந்த இரண்டு பெண்களின் அந்த நடத்தையை நீதிபதி தீர்ப்பிலேயே மெச்சி எழுதினார். நீதிமன்றத்தால் உத்தரவு போட்டு வரவழைக்க முடியாத விஷயம் அது. குழந்தையின் வலிக்கு ஏதாவது மருந்து இருந்திருந்தால் அது அந்த ஏற்பாட்டில்தான் இருந்தது: ஒரு தாய் கிடைத்ததற்கு இன்னொரு தாயை முழுதாக இழக்க வேண்டியதில்லை என்பதில்.

இது குற்றத்தில் பிறந்த வழக்கு, முறையான வளர்ப்புப் பராமரிப்பு அல்ல. ஆனால் முறையானதிலும் முடிச்சு இதே இடத்தில்தான் விழுகிறது. 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 44ஆம் பிரிவு, வளர்ப்பு வீட்டிலிருக்கும் பிள்ளையைப் பெற்றோர் குறித்த இடைவெளிகளில் வந்து பார்க்க, அது பிள்ளைக்குக் கேடு என்று கருதினாலொழிய, குழந்தைகள் நலக் குழு அனுமதிக்கலாம் என்கிறது. பெற்றோர் தகுதி பெற்றதும் பிள்ளை வீடு திரும்பலாம். குழு மாதந்தோறும் வளர்ப்பு வீட்டைப் பார்வையிட வேண்டும், உடன்பிறந்தவர்களை முடிந்தவரை ஒரே வீட்டில் வைக்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமான ஒரு வரியும் அதில் உண்டு: தத்துக்குத் தகுதியானது என்று குழு கருதும் பிள்ளையை நீண்ட கால வளர்ப்புக்குக் கொடுக்கக் கூடாது. தத்து வரிசையில் நிற்பவர்களுக்குக் குறுக்குச் சந்தாக இது ஆகிவிடக் கூடாது என்ற எச்சரிக்கை அது.

வரிசை நீளமானதுதான். நாட்டில் தத்துக்காகப் பதிந்து காத்திருப்பவர்கள் முப்பதாயிரத்துக்கும் மேல். சட்டப்படி விடுவிக்கப்பட்டுத் தத்துக்குத் தயாராக இருக்கும் பிள்ளைகள் இரண்டாயிரம் சொச்சம். அவர்களிலும் பெரும்பகுதி வளர்ந்த பிள்ளைகள் அல்லது சிறப்புக் கவனம் தேவைப்படுபவர்கள். கைக்குழந்தைதான் வேண்டும் என்பவர் மூன்றாண்டுக்கு மேல் காத்திருக்கிறார். மத்திய தத்தெடுப்பு ஆணையமான காராவின் கணக்கில் 2024-25இல் நடந்த தத்துகள் 4,515, அதுவே பல ஆண்டுகளில் இல்லாத அளவு. இத்தனை இல்லங்கள் இருக்கும் நாட்டில் குழந்தைக்கா பஞ்சம் என்று பலர் எரிச்சல்படுகிறார்கள். இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அம்மாவோ அப்பாவோ இருவருமோ இருக்கிறார்கள் என்பது அந்த எரிச்சலில் மறந்துபோகிறது. அநாதை இல்லம் என்று நாம் பெயர்ப்பலகை எழுதிய கட்டடங்களில் அநாதைகள் சிறுபான்மை.

அப்படியானால் அவர்கள் ஏன் அங்கே இருக்கிறார்கள்? வறுமை என்பதே பெரும்பாலான இடங்களில் பதில். சிவாஜிநகரில் ஓ.பி.எச். ரோடு என்று ஒரு சாலை உண்டு. விரித்தால் ஓல்டு புவர் ஹவுஸ் ரோடு; அந்த எழுத்துகளுக்கு விரிவு தெரியாமலே அங்கே ஆயுள் முழுக்கத் துணி விற்றவர்கள் இருப்பார்கள். ஏழையை அவன் வீட்டிலிருந்து எடுத்து ஒரு கட்டடத்துக்குள் வைத்துச் சோறு போடுவது கன்டோன்மென்ட் காலத்துத் தருமம். கட்டடத்துக்குப் பதில் வசதியான ஒரு குடும்பம் என்று மாற்றிவிட்டால் மட்டும் அது நியாயமாகிவிடாது.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தில் வளர்ப்புப் பெற்றோருக்கு ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கொடுக்கலாம். அதே திட்டத்தில், பிள்ளை சொந்த வீட்டிலேயே இருப்பதற்காகப் பெற்றவளுக்கும் அதே 4,000 ரூபாய் நிதியாதரவு என்ற பெயரில் கிடைக்கும். விதவை, கைவிடப்பட்டவள், தீராத நோயில் கிடப்பவர்கள் போன்றோரின் பிள்ளைகளுக்கு அது. நகரத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று ஒரு வரம்பும் உண்டு. மாதத்துக்கு எட்டாயிரம். சிவாஜிநகரில் ஒற்றை அறை வாடகைக்கும் அரிசிக்கும் அதைப் பிரித்துப் பார்த்தால், வரம்புக்குச் சற்று மேலே இருப்பவளும் பிள்ளையை எங்கேயாவது விட வேண்டிய நிலையில்தான் இருப்பாள். ஒரே தொகை, இரண்டு கைகள். பிள்ளையை விட்டுக்கொடுக்கக் காரணம் காசு மட்டும்தான் என்றால், அந்தக் காசை அவள் கையில் கொடுத்துப் பார்க்காமல் பிள்ளையை அடுத்தவர் வீட்டில் வைத்து அவருக்குக் கொடுப்பது, எவ்வளவு அன்பான வீடானாலும், அநியாயம்.

நல்லெண்ணம் இதற்கு மறுமொழி ஆகாது. ஆஸ்திரேலியாவில் பூர்வகுடிப் பிள்ளைகளைத் தாய்மாரிடமிருந்து பிரித்து வெள்ளையர் வீடுகளிலும் விடுதிகளிலும் வளர்த்தவர்களில் பலர் தாங்கள் உபகாரம் செய்வதாகவே நம்பினார்கள். 2008 பிப்ரவரி 13 அன்று பிரதமர் கெவின் ரட் நாடாளுமன்றத்தில் அதற்காக மன்னிப்புக் கேட்டார். நம் பக்கத்தில் நடந்தவற்றுக்கு நல்லெண்ணம் என்ற சாக்குகூடக் கிடையாது. சென்னையின் குடிசைப் பகுதிகளிலிருந்து கடத்தப்பட்ட குழந்தைகள் ஓர் அமைப்பின் வழியாக வெளிநாடுகளுக்குத் தத்துப் போனது 2005இல் அம்பலமானது. 2019 ஏப்ரலில் ராசிபுரத்தில் ஒரு முன்னாள் செவிலியர் குழந்தைகளுக்கு விலை சொன்ன தொலைபேசிப் பேச்சு ஊரெல்லாம் கேட்டது. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின்போது, பெற்றோரை இழந்த பச்சைக் குழந்தை இருக்கிறது, வேண்டுவோர் இந்த எண்ணில் பேசலாம் என்று வாட்ஸ்அப்பில் வந்த செய்திகளை எத்தனையோ நல்ல மனிதர்கள் கண்ணீரோடு மற்றவர்களுக்குத் தள்ளினார்கள். குழந்தைகளைத் தேடி அலைபவர்களுக்கு அதைவிட வசதியான விளம்பரம் கிடைத்திருக்காது. அப்படி ஒரு குழந்தையைப் பற்றித் தெரிந்தால் செய்ய வேண்டியது குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கு அழைப்பது. தகவலை 24 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம்.

இருதரப்பும் மனமொத்துக் கொடுத்து வாங்கினால்? அந்தக் கேள்வியும் கர்நாடக உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. உடுப்பிப் பக்கத்தில் ஓர் ஏழை இந்துத் தம்பதி, பிறக்கவிருந்த குழந்தையைப் பிள்ளையில்லாத முஸ்லிம் தம்பதிக்குத் தருவதாக, பிறப்பதற்குச் சில நாள் முன்பே பத்திரம் எழுதிக்கொண்டார்கள். நால்வரும் சேர்ந்தே நீதிமன்றம் போனார்கள். 2022 இறுதியில் இரு நீதிபதிகள் அமர்வு மறுத்துவிட்டது: கருவிலிருக்கும் குழந்தையைத் தத்துக் கொடுக்கும் ஒப்பந்தம் செல்லாது, வறுமைதான் காரணம் என்றால் குழந்தைகள் நல அமைப்பிடம் ஒப்படைத்திருக்கலாம். மனமொத்த நால்வரை நீதிமன்றம் பிரித்தது கடுமையாகப் படலாம். ஆனால் ஒரு பக்கம் பசியும் மறு பக்கம் ஏக்கமும் இருக்கையில் மனமொப்புதல் என்பதன் எடை என்ன? முறைப்படி ஒப்படைக்கும் தாய்க்குச் சட்டம் இரண்டு மாதம் மறுயோசனைக் காலம் தருகிறது. பிரசவ வார்டில் எடுத்த முடிவு இரண்டு மாதம் தாங்குகிறதா என்று பார்க்கும் அந்த இடைவெளி பத்திரத்தில் கிடையாது. சிவாஜிநகர் கோஷா மருத்துவமனை மாதிரி மகப்பேறு மருத்துவமனைகளின் வாசலில், நல்ல குடும்பம் ஒன்று இருக்கிறது என்று யாராவது காதில் ஓதினால், அந்தத் தாய்க்கு முதலில் சொல்லப்பட வேண்டியது இந்த இரண்டு மாதத்தைப் பற்றித்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகு, வளர்ப்புப் பராமரிப்பே வேண்டாம் என்று முடித்துவிடத் தோன்றும். அது தவறாகும். காசு கொடுத்தாலும் திரும்ப முடியாத வீடுகள் இருக்கின்றன. தகப்பனே கை வைத்த வீடு. தாய் நீண்ட மனநோயில் இருக்க வேறு யாருமில்லாத வீடு. பெற்றோர் இருவரும் சிறையில் இருக்கும் வீடு. அந்தப் பிள்ளைகளுக்கு இப்போது இருக்கும் மாற்று, கட்டடம்தான். கட்டடம் என்ன செய்யும் என்பதற்கு ருமேனியாவில் ஆதாரம் இருக்கிறது. சர்வாதிகாரி சௌஷெஸ்கு விட்டுப்போன அநாதை விடுதிகளிலிருந்து 136 குழந்தைகளை எடுத்துக்கொண்டு, 2000ஆம் ஆண்டு தொடங்கிய புக்கரெஸ்ட் ஆய்வில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பினார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவும் பற்றும் தேறின. இரண்டு வயதுக்குள் போனவர்கள் அதிகம் தேறினார்கள். குலுக்கல் முறையில் பாதிக் குழந்தைகளை விடுதியிலேயே விட்ட ஆய்வின் அறம் பற்றி அப்போதே சண்டை நடந்தது, நடக்க வேண்டியதுதான். ஆனால் அதன் முடிவை இனி யாரும் தெரியாது என்று சொல்ல முடியாது.

வளர்ப்புப் பெற்றோரிடம் உண்மையில் கேட்கப்படுவது என்ன? விண்ணப்பம், வீட்டாய்வு, போலீஸ் சரிபார்ப்பு, மருத்துவச் சான்று, மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு, பிறகு குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவு என்று வழி போகிறது. 2024இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் மாதிரி நெறிமுறைகள், தம்பதிகளுக்கு மட்டும் இருந்த கதவை 35 வயதான தனியாளுக்கும் திறந்தன. தனி ஆண் என்றால் ஆண் பிள்ளை மட்டும். இல்லத்திலிருந்து வரும் பிள்ளை ஆறு வயதைத் தாண்டியிருக்க வேண்டும். காகிதங்கள் இவ்வளவுதான். கடினமான பகுதி காகிதத்தில் இல்லை.

சிவாஜிநகரில் ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவர் பி.எம்.டி.சி. பேருந்து நடத்துநர், மனைவி வீட்டில் தையல். எட்டு வயதுப் பெண் வருகிறாள். வீட்டில் உருது பேசி வளர்ந்தவள், தெருவில் தமிழும் கன்னடமும் கலந்து பேசுவாள். தாய் மருத்துவமனைக்கும் உறவினர் வீட்டுக்குமாக அலைபவள். முதல் வாரம் தலையணைக்கடியில் பாதி பன் கிடைக்கும். திருடவில்லை, நாளைக்குக் கிடைக்குமோ என்னவோ என்று எடுத்து வைத்தது. அதைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று காட்டிக்கொள்ளாமல், மேஜையில் ஒரு டப்பா வைத்து இது உனக்கு, எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்று சொல்லத் தெரிந்தவள் பாதி தேறிவிட்டாள். அடுத்தது, என்ன என்று கூப்பிடுவது? மம்மி என்று கூப்பிடச் சொல்ல ஆசையாக இருக்கும். ஆன்ட்டி என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. அம்மா ஒருத்தி இருக்கிறாள், அந்த இடம் காலியாக இல்லை. ரமலான் வரும், சின்னப் பெண் அரை நோன்பு பிடிப்பேன் என்று அடம் பிடிப்பாள். செப்டம்பர் 8 மரியன்னை திருவிழா வரும், தேர் பார்க்கத் தெருவே திரளும். தேர் பார்க்க அழைத்துப் போகலாம். ஞானஸ்நானம் கொடுக்கும் உரிமை அந்த வீட்டுக்கு இல்லை. பக்தியுள்ள ஒரு குடும்பத்துக்கு, ஓர் ஆத்மாவைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பது தியாகமாகவே தோன்றலாம். அந்தத் தியாகம்தான் கேட்கப்படுகிறது.

பிறகு தாய் வந்து பார்க்கும் நாள். இரண்டு டஜன் கண்ணாடி வளையலும் கசங்கிய பிஸ்கட் பாக்கெட்டுமாக வருவாள். மகளின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “அக்கா, இவ எண்ணெயே வெச்சுக்க மாட்டாளே, எப்படி வெச்சீங்க?” என்பாள். பாராட்டா குத்தலா என்று வளர்ப்பவளுக்குப் புரியாது. அன்றிரவு பெண் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள், மறுநாள் பள்ளியில் யாரையாவது அடிப்பாள். இந்தச் சந்திப்பு வேண்டாமே, பிள்ளை கலங்கிப்போகிறாளே என்று வளர்ப்பவள் மனம் சொல்லும். பெரும்பாலான வளர்ப்பு உறவுகள் கெடுவது இந்த நியாயமான வாக்கியத்தில்தான் என்று எண்ண இடமுண்டு. பிள்ளை கலங்குவது தாயைப் பார்த்ததால் அல்ல, அவள் திரும்பப் போய்விட்டதால். கலக்கத்தைத் தவிர்க்கத் தாயைத் தவிர்ப்பது, வளர்ப்பவளுக்கு வசதி, பிள்ளைக்கு அல்ல. அடிக்கும் தாய், விற்கத் துணியும் தாய் என்றால் கதை வேறு, அதைக் குழு முடிவு செய்யும். வளர்ப்பவள் முடிவு செய்யக் கூடாது, அவள் இந்த வழக்கில் ஒரு கட்சி.

2024 நெறிமுறைகளின் இன்னொரு மாற்றம் இங்கேதான் உறுத்துகிறது. வளர்ப்புப் பெற்றோர் அதே பிள்ளையைத் தத்தெடுக்க விரும்பினால் முன்பு ஐந்தாண்டு வளர்த்திருக்க வேண்டும். இப்போது இரண்டாண்டு போதும். இதற்கு ஆதரவான நியாயம் அற்பமானதல்ல. தகவல் உரிமைச் சட்டத்தில் வெளிவந்த கணக்கின்படி 2014-15 முதல் 2018-19 வரை ஐந்தாண்டில் தத்தெடுத்தவர்கள் 1,100க்கும் மேற்பட்ட பிள்ளைகளைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டார்கள். ஆறு வயதைத் தாண்டிய பிள்ளைகளும் மாற்றுத்திறன் பிள்ளைகளுமே இப்படி அதிகம் திருப்பி விடப்படுகிறார்கள். அவர்களைத் தத்து என்று ஒரே நாளில் கட்டிக்கொள்வதைவிட, இரண்டாண்டு ஒரே கூரையின் கீழ் இருந்து ஒருவரை ஒருவர் தெரிந்துகொண்டபின் தத்தெடுத்தால் உறவு நிற்கும். பெற்றோர் யாரும் வரப்போவதில்லை என்று குழு முடிவு கட்டிவிட்ட பத்து வயதுப் பையனுக்கு இந்தக் குறுக்கம் வரம்.

ஆனால் அவனைப் போலவே ஓர் இல்லத்தில், ஓர் உத்தரவில், தாய் தேறிவரும் பெண்ணும் இருக்கிறாள். இரண்டாண்டு என்பது மனதில் பதிந்த வளர்ப்புப் பெற்றோரிடம் அவள் போனால், தாய் தேறும் ஒவ்வொரு மாதமும் அவர்களுக்குக் கெட்ட செய்தி. சந்திப்புகள் தள்ளிப்போகும், தொலைபேசி எடுக்கப்படாது, பிள்ளைக்கே தாயின் ஏழ்மை மெல்ல மெல்லக் குற்றமாகச் சொல்லித் தரப்படும். யாரும் கெட்டவர்களாக இருக்க வேண்டியதில்லை, ஆசை போதும். ஆகையால் இந்த இரண்டு வகைப் பிள்ளைகளையும் ஒரே வகை வீட்டுக்கு அனுப்புவதே பிழை. தத்தை நினைத்து வருபவரைத் தாய் திரும்பாத பிள்ளையோடு சேர்க்கலாம். தாய் திரும்பக்கூடிய பிள்ளைக்கு வேண்டியது, திரும்ப அனுப்புவதைத் தோல்வி என்று நினைக்காத வீடு. எண்ணிக்கையைக் கூட்டும் அவசரத்தில் இந்தப் பிரிவினை கரைந்துவிடும் அபாயம் நிஜமானது.

தன்னுடையதாகாத பிள்ளையை இப்படி வளர்க்க எந்த மனிதராலும் முடியாது என்பவர்களுக்கு, தமிழ் அகப்பாடல்களில் வரும் செவிலித்தாயை நினைவூட்டலாம். அங்கே பெண்ணுக்குத் தாயர் இருவர்: நற்றாய் பெற்றவள், செவிலி வளர்த்தவள். இருவரும் ஒருவருக்கொருவர் போட்டி இல்லை. பெண் காதலனோடு போய்விட்டால் பாலை வழியில் தேடிக்கொண்டு போகிறவள் பெரும்பாலும் செவிலிதான். கலித்தொகையின் பாலைக்கலியில் அப்படித் தேடி வருபவளிடம் வழியில் எதிர்ப்பட்ட அந்தணர்கள், விலையுயர்ந்தவை பிறந்த இடத்துக்கே பயன்படுவதில்லை, பிறருக்குத்தான் என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறார்கள். அவள் உரிமை பேசவில்லை. அந்தச் செவிலி உயர்குடியை அண்டி வாழ்ந்தவள், அவளுக்கு வேறு வழி இருந்திருக்காது என்று இன்றைய வாசகர் சொல்லலாம், சரிதான். ஆனால் பிள்ளைக்கு இரண்டு தாய் இருப்பதை விசித்திரமாக நினைக்காத ஒரு மனம் இங்கே இருந்தது என்பது அதனால் பொய்யாகிவிடாது.

பிள்ளையின் பக்கத்திலிருந்து வரும் ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பெரியவர்கள் தியாகம் செய்யட்டும். ஒட்டிக்கொண்ட பிள்ளையைப் பிய்த்து எடுப்பதற்கு என்ன பதில்? பிய்த்து எடுக்காமல் இருப்பதே பதில். பிள்ளை வீடு திரும்புவதோடு வளர்ப்பு வீட்டின் கதவு சாத்தப்பட வேண்டியதில்லை. கிறிஸ்துமஸுக்குக் கேக் வரலாம், பெருநாளுக்குப் பிரியாணி டப்பா போகலாம், பத்தாம் வகுப்புக் கணக்குக்கு நடத்துநர் மாமா வரலாம். கொப்பள் பெண்ணுக்குக் கிடைத்த அந்த அனுமதி விதிவிலக்காக இல்லாமல் வழக்கமாக வேண்டும். சிவாஜிநகரின் சந்துகளில் உத்தரவில்லாமல் நடக்கும் பிள்ளை வளர்ப்பில் இது இயல்பாகவே இருக்கிறது. பெரியம்மா வீட்டிலிருந்து அம்மா வீட்டுக்குத் திரும்பிய பையன் மறுநாளும் அங்கேதான் இட்லி சாப்பிடுகிறான். அரசு ஏற்பாட்டுக்கு அந்தச் சந்திடமிருந்து கற்க இருக்கிறது. அந்தச் சந்துக்கும் அரசிடமிருந்து ஒன்று வேண்டியிருக்கிறது: வளர்க்கும் சித்தி அந்தப் பிள்ளையை அடிக்கிறாளா, பள்ளிக்கு அனுப்புகிறாளா, வேலை வாங்குகிறாளா என்று மாதம் ஒருமுறை வந்து கேட்க அங்கே யாருமில்லை. சொந்தம் என்ற சொல்லுக்குப் பின்னால் அடிபட்ட பிள்ளைகளும் நிறைய.

வீட்டாய்வுக்கு வரும் சமூகப் பணியாளர் வருமானம் கேட்பார், தனிக் கட்டில் இருக்கிறதா என்று பார்ப்பார், கழிவறைக் கதவில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று தள்ளிப் பார்ப்பார், அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். எல்லாம் வேண்டியவைதான். அதோடு இன்னொன்றையும் தம்பதியைத் தனித்தனியே உட்கார வைத்துக் கேட்கலாம்: இந்தப் பிள்ளையின் அம்மா மாதம் ஒருமுறை வந்தால் அவளை எங்கே உட்கார வைப்பீர்கள்? வாசல்படியில் என்றோ, அலுவலகத்திலேயே பார்த்துக்கொள்ளட்டும் என்றோ சொல்பவர்கள் நல்ல மனிதர்களாகவே இருக்கலாம். அவர்கள் காராவில் பதிந்துகொண்டு தத்துக்குக் காத்திருக்கட்டும். கூடத்து நாற்காலியைக் காட்டி, டீ போட்டுக் கொடுப்போம் என்பவர்களின் விண்ணப்பத்தை மேலே எடுத்து வைக்கலாம், வீட்டில் தனிக் கட்டில் இல்லாவிட்டாலும்.